அடையாளச் சீட்டு

ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் நடுப்பகுதியில் உருவாண்டா என்னும் சிறு நாடு ஒன்று உளது. எப்பக்கம் நோக்கினும் குன்றுகளே தென்படுதலின், அதனை ‘ஆயிரங் குன்றுகளின் நாடு’ என்பர். அக்குன்றுகளின் சரிவுகளில் அவரையும் வாழையும் விளையும், ஆனிரைகள் மேயும். அங்குள்ள மக்கள் ஹூட்டு, டூட்சி, துவா என மூவகையினர். ஹூட்டுகள் பெரும்பாலும் உழவர். டூட்சிகள் ஆனிரை வளர்த்தோர். மிகச் சிறு தொகையினரான துவாக்கள் வேட்டையாடியும் மட்கலம் வனைந்தும் வாழ்ந்தவர். மூவகையினர்க்கும் மொழி ஒன்றே, சமயமும் ஒன்றே. ஒரே குன்றின்மீது அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்து, பெண் கொண்டும் கொடுத்தும் உறவாடினர். இத்தகைய நாட்டில் 1994-ஆம் ஆண்டு ஏறத்தாழ நூறு நாள்களில் 8 இலட்சம் மக்கள் கொல்லப்பட்டனர் என்பது ஐக்கிய நாடுகள் அவையின் மதிப்பீடு. கொன்றவருள் பலர் அயல்வீட்டினர்.

இக்கொடுமை எவ்வாறு நிகழ்ந்தது? அதனை அறிய விரும்புவோர் ஒரு சிறு காகிதச் சீட்டின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

பண்டு அந்நாட்டில் வேற்றுமையே இருந்ததில்லை எனக் கூறுதல் பொருந்தாது. அரசர் டூட்சி மரபினர். உழவர் பலர் தலைவர்க்கு ஊழியம் செய்து நலிந்தனர். ஆயினும் அப்பிரிவுகள் கடக்கவொண்ணாச் சுவர்களாய் இருந்தில. மாட்டுச் செல்வம் பெருகிய உழவன் நாளடைவில் டூட்சியாக எண்ணப்படுதலும், வறுமையுற்ற டூட்சி உழவருள் கலத்தலும் உண்டு. முதல் உலகப் போரின்போது, 1916-இல், ஜெர்மானியரிடமிருந்து நாட்டைக் கைப்பற்றிய பெல்ஜியர் இந்நெகிழ்வை விரும்பிலர். மக்களின் மூக்கையும் உயரத்தையும் அளந்தனர். டூட்சிகள் வடக்கிலிருந்து வந்த உயர்ந்த இனத்தார், ஆளப் பிறந்தவர் எனத் தாமே முடிவு கட்டினர். பதவியையும் உயர்கல்வியையும் பெரும்பாலும் அவர்க்கே அளித்தனர். 1930-களில் மக்களுக்கு அடையாளச் சீட்டு வழங்கி, அதில் அவரவர் இனத்தைப் பொறித்தனர். தந்தையின் இனமே பிள்ளையின் இனம் என்றாயிற்று. காகிதத்தில் எழுதியது கல்லில் வெட்டிய எழுத்தாய் நின்றது.

1959-இல் கலகம் மூண்டது. பல்லாயிரம் டூட்சிகள் அண்டை நாடுகளுக்கு ஓடினர். 1962-இல் நாடு விடுதலை பெற்றபோது ஆட்சி, தொகையிற் பெரியவரான ஹூட்டுகளின் கைக்கு வந்தது. அவர்கள் செய்திருக்க வேண்டிய முதல் வேலை அச்சீட்டை எரித்தல். எரித்திலர். முன்னர் டூட்சிகட்கு ஏணியாயிருந்த சீட்டே பின்னர் அவர்களைப் புறத்தே நிறுத்தும் தாழாயிற்று. பள்ளியிலும் பணியிலும் அவர்க்கு அளவு வகுக்கப்பட்டது. வகுப்பறைகளில் ஆசிரியர் பிள்ளைகளை இனவாரியாக எழுந்து நிற்கச் செய்து எண்ணினர். தாம் இன்ன இனத்தவர் என்பதை அன்றுதான் அறிந்த பிள்ளைகளும் உண்டு!

1990 அக்டோபரில், வெளியேறியோரின் மக்கள் உகாண்டாவிலிருந்து படையெடுத்து வந்தனர். போர் அச்சத்தைத் தந்தது. அச்சத்தை வெறுப்பாக்கும் தொழிலை வேறு சிலர் மேற்கொண்டனர். ‘கங்குரா’ என்னும் இதழ் அவ்வாண்டு டிசம்பரில் பத்துக் கட்டளைகளை வெளியிட்டு, டூட்சிப் பெண்ணை மணப்பவனும் டூட்சியோடு கூட்டு வாணிகம் செய்பவனும் துரோகி என்றது. 1993 ஜூலையில் தொடங்கிய தனியார் வானொலி ஒன்று, பாட்டாலும் வேடிக்கைப் பேச்சாலும் இளைஞரைக் கவர்ந்து, இடையிடையே டூட்சிகளைக் கரப்பான்பூச்சிகள் என்று கூறிவந்தது. மனிதனைக் கொல்லக் கை நடுங்கும். பூச்சியை நசுக்க எவர் கை நடுங்கும்?

1994 ஏப்ரல் 6 இரவு, நாட்டின் அதிபர் சென்ற விமானம் தலைநகராகிய கிகாலியில் சுட்டு வீழ்த்தப்பட்டது. சில மணி நேரத்திற்குள் தெருக்களில் தடைகள் எழுந்தன. வருவோரிடம் சீட்டைக் கேட்டனர். அதில் ‘டூட்சி’ என்றிருந்தால் வெட்டரிவாளுக்கு இரையாயினர். கோயில்களில் அடைக்கலம் புகுந்தோரும் ஆங்காங்கே மாண்டனர். கொலையை எதிர்த்த ஹூட்டுகளும் தப்பிலர். மறுநாள் கொல்லப்பட்ட பிரதமர் அகாதே உவிலிங்கியிமானா என்னும் பெண்மணி ஹூட்டுவே. அங்கிருந்த ஐக்கிய நாடுகள் படையின் தலைவர் தலேர், படுகொலைக்கு முயற்சி நடப்பதை ஜனவரியிலேயே மேலிடத்திற்கு அறிவித்திருந்தார். பயன் இல்லை. ஏப்ரல் 21-இல் பாதுகாப்பு அவை அப்படையைச் சுமார் 270 பேராகக் குறைக்க முடிவு செய்தது. உலகம் அறியாமையால் வாளாவிருந்தது எனல் இயலாது.

தாபா என்னும் ஊர்ப்பகுதியின் தலைவர் அக்காயேசு என்பவரின் வரலாறு எண்ணிப் பார்க்கத்தக்கது. அவர் முன்னாளில் ஆசிரியர். பள்ளி ஆய்வாளராகவும் இருந்தவர். தொடக்கத்தில் தம் ஊரிற் கொலை நிகழாவண்ணம் தடுத்தார். ஏப்ரல் 18-இல் மேலோர் கூட்டிய கூட்டத்திற்குச் சென்று மீண்டபின் மாறினார். காத்தவரே கொலைக்குத் துணையானார். இன அழிப்பைக் குற்றம் என வரையறுத்த உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் அவை ஏற்றது 1948-இல். அக்குற்றத்திற்காகப் பன்னாட்டு நீதிமன்றம் ஒன்று முதன்முதல் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது 1998 செப்டம்பர் 2-இல். அத்தீர்ப்பைப் பெற்றவர் இவ்வக்காயேசுவே.

கொலை ஓய்ந்தபின் அமைந்த அரசு, அடையாளச் சீட்டிலிருந்து இனப்பெயரை நீக்கியது. வெறுப்போ உடனே நீங்கிற்றில்லை. 1997 மார்ச்சு 18 இரவு, நியாங்கே என்னும் ஊரின் உயர்நிலைப் பள்ளியில், மாணவர் படித்துக்கொண்டிருந்த வேளையில், படைக்கலம் ஏந்தியோர் நுழைந்தனர். ஹூட்டுகள் ஒருபுறமும் டூட்சிகள் ஒருபுறமும் பிரிந்து நிற்குமாறு பணித்தனர். மாணவர் பிரிந்திலர், தாம் அனைவரும் உருவாண்டா நாட்டவரே என்றனர். மீண்டும் கேட்டபோதும் அதுவே விடை. வந்தவர் சுட்டனர், வெடிகுண்டு எறிந்தனர். மாணவர் சிலர் உயிர் துறந்தனர், பலர் புண்பட்டனர். எவர் எவ்வினம் என்பதை, வந்தவர் இறுதிவரை அம்மாணவரின் வாயிலிருந்து அறிந்திலர்.