சுங்கம் தவிர்த்த நகரம்

கற்றல் நோக்கம்: வரி, வரவு செலவுத் திட்டம் ஆகியவற்றின் இயல்பை அறிதல், துறைசார் கட்டுரையைப் படித்துத் தம் கருத்தை எழுதுதல்.

1070ஆம் ஆண்டில் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்னும் சிறப்புப் பெயர் உண்டு. வணிகப் பொருள்கள்மீது வாங்கப்பட்ட சுங்கவரியை அவன் நீக்கினான் என்பதனால் அப்பெயர் ஏற்பட்டது. ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்குப் பின்னர், 2017ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள், நாம் வாழும் மும்பை மாநகரமும் சுங்கம் தவிர்த்தது. அந்நிகழ்வைக் கொண்டு, அரசின் வரவும் செலவும் நடைபெறும் முறையை அறிவோம்.

மான்குர்துச் சாவடி

தேவ்நாரிலிருந்து வாசிப் பாலத்தை நோக்கிச் செல்லும் வழியில் மான்குர்து உள்ளது. அங்கே மாநகராட்சியின் சுங்கச்சாவடி ஒன்று இயங்கியது. மராத்தியில் அதனை 'ஜகாத் நாகா' என்பர். முலுண்டு, தகிசர் ஆகிய எல்லைகளிலும் இத்தகைய சாவடிகள் இருந்தன. நகருக்குள் விற்பனைக்கும் பயன்பாட்டுக்கும் வரும் சரக்கின் மதிப்பைக் கணக்கிட்டு வரி வாங்குவதே அவற்றின் பணி. சாலையைப் பயன்படுத்துவதற்காக வண்டிகள் செலுத்தும் கட்டணம் வேறு; இது வேறு.

சரக்கு வண்டிகள் சாவடியில் காத்து நிற்க நேர்ந்தது. காலமும் எரிபொருளும் வீணாயின. வணிகர்கள் இவ்வரியை நீக்குமாறு நெடுங்காலம் வேண்டினர். ஆயினும், ஆண்டுக்கு ஏறத்தாழ 7000 கோடி ரூபாய் ஈட்டித் தந்த இதுவே மாநகராட்சியின் மிகப் பெரிய வருவாயாக விளங்கியது.

மூன்றாவது வரி எங்கே?

2017இல் சரக்கு மற்றும் சேவை வரி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. முன்பிருந்த பல மறைமுக வரிகள் இதனுள் அடங்கின. நுழைவுச் சுங்கமும் அவற்றுடன் நீங்கியது. உங்கள் வீட்டிலுள்ள கடைச்சீட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். 200 ரூபாய் மதிப்புள்ள ஒரு பொருளுக்கு 18 விழுக்காடு வரி எனில், வரித்தொகை 36 ரூபாய். மாநிலத்திற்குள் நடைபெறும் விற்பனையாயின், அதில் 18 ரூபாய் ஒன்றிய அரசுக்கும் 18 ரூபாய் மாநில அரசுக்கும் உரியவை. கடைச்சீட்டில் இவ்விரண்டும் தனித்தனியே அச்சிடப்பட்டிருக்கும். மாநகராட்சிக்கென்று மூன்றாவது வரி அதில் இல்லை. வரி விகிதங்களைப் பரிந்துரைக்கும் சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்திலும் ஒன்றிய, மாநில அமைச்சர்களே உறுப்பினர்; நகரங்களுக்கு இடமில்லை.

இழந்த வருவாயை ஈடுசெய்ய மகாராட்டிர அரசு 2017இல் தனிச்சட்டம் இயற்றியது. அடிப்படை ஆண்டின் வருவாயைக் கணக்கிட்டு, ஆண்டுதோறும் 8 விழுக்காடு உயர்த்தி, மாதந்தோறும் மாநகராட்சிக்கு இழப்பீடு வழங்குவது அதன் ஏற்பாடு. எனவே நகரத்தின் கருவூலம் வறண்டுவிடவில்லை. ஆனால் ஒன்று மாறிற்று: முன்பு நகரம் தானே ஈட்டிய பொருளை, இப்பொழுது பிறர் வழங்கப் பெறுகிறது. வணிகத்திற்கு இது நன்மை. நகரத்தின் தன்னுரிமைக்கு இது குறைவு. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பதே பொருளியல் கற்பிக்கும் பயிற்சி.

இதன் இன்றியமையாமை தேவ்நார் மக்களுக்கு எளிதில் விளங்கும். 1927 முதல் நகரத்தின் குப்பையைத் தாங்கிவரும் கிடங்கு இங்குள்ளது. அதனைப் பராமரிப்பதும் சீரமைப்பதும் மாநகராட்சியின் பொறுப்பு. குடிநீர், கழிவுநீர், தொடக்கப்பள்ளி, மருத்துவமனை ஆகியனவும் அதன் கடமைகளே. 2025-26ஆம் ஆண்டுக்கு மாநகராட்சி அளித்த திட்டத்தின் அளவு 74,427 கோடி ரூபாய்.

நாட்டின் வரவும் செலவும்

சட்டத்தின் அதிகாரமின்றி எவ்வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது அரசமைப்பின் 265ஆவது உறுப்பு. ஆண்டுதோறும் வரவு செலவு அறிக்கையை நாடாளுமன்றத்தின்முன் வைக்க வேண்டும் என்கிறது 112ஆவது உறுப்பு. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை 1947 நவம்பர் 26ஆம் நாள் அளித்தவர் கோவையைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார், தமிழிசை இயக்கத்திலும் பங்குகொண்டவர். அத்திட்டத்தில் வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி ரூபாய். பற்றாக்குறை அன்றே இருந்தது.

2025-26ஆம் ஆண்டின் ஒன்றியத் திட்டத்தை ஒரு ரூபாயாகக் கொள்வோம். வருமான வரி 22 காசு, சரக்கு மற்றும் சேவை வரி 18 காசு, நிறும வரி 17 காசு, கலால் வரி 5 காசு, சுங்கத்தீர்வை 4 காசு. வரியல்லாத வருவாய் 9 காசு. கடனல்லாத மூலதன வரவு 1 காசு. எஞ்சிய 24 காசு கடன். செலவில் மாநிலங்களின் வரிப்பங்கு 22 காசு. பாதுகாப்பு 8 காசு. முக்கிய மானியங்கள் 6 காசு. வட்டி மட்டும் 20 காசு. நேற்று வாங்கிய கடனுக்கு இன்று வட்டி. இன்று வாங்கும் கடனுக்கு நாளை வட்டி. அந்நாளையில் வரி செலுத்துவோர் நீங்களே.

மாநிலங்களின் பங்கை நிதிக்குழு பரிந்துரைக்கிறது. பகிர்வுக்குரிய வரித்தொகையில் 41 விழுக்காட்டை மாநிலங்களுக்கு அளிக்கப் பதினைந்தாம் நிதிக்குழு பரிந்துரைத்தது. மேல்வரியும் கூடுதல் தீர்வையும் இப்பகிர்வில் சேரா.

பொருள் வரும் வழியை உண்டாக்குதல், சேர்த்தல், காத்தல், வகுத்தல் ஆகிய நான்கையும் அரசின் திறனாக வள்ளுவர் 'இறைமாட்சி' அதிகாரத்தில் கூறினார். சுங்கம் தவிர்ப்பது எளிதில் புகழ் தரும். தவிர்த்தபின் குப்பை அள்ளுபவரின் ஊதியம் எவ்வழியே வரும் என்று வினவுவது குடிமக்களின் கடமை.

சொற்பொருள்

விழுக்காடு – நூற்றில் பங்கு
கருவூலம் – அரசின் பொருள் சேமிப்பிடம்
நிறுமம் – கம்பெனி
வகுத்தல் – பகிர்ந்து செலவிடுதல்

பயிற்சி

1. நுழைவுச் சுங்கம் நீங்கியதால் விளைந்த நன்மை ஒன்றையும் குறை ஒன்றையும் எழுதுக.
2. 500 ரூபாய்ப் பொருளுக்கு 5 விழுக்காடு வரி எனில், ஒன்றியமும் மாநிலமும் பெறும் தொகை எவ்வளவு?
3. பிரித்து எழுதுக: அந்நிகழ்வு, வரிப்பங்கு, தன்னுரிமை.
4. 'நகரங்களுக்கும் கடைச்சீட்டில் ஒரு பங்கு வேண்டும்' – உடன்பட்டோ மறுத்தோ பத்து வரிகளில் எழுதுக.
5. உங்கள் தெருவில் மாநகராட்சி, மாநில அரசு, ஒன்றிய அரசு ஆகியவற்றின் செலவில் நடைபெறும் பணிகளைப் பட்டியலிடுக.