நோயாளியின் அருகே இருப்பவர்



குன்றத்தூரிலிருந்து பல்லாவரம் வந்து, ரயில் ஏறித் தாம்பரம் போகிறவர்கள் அதற்கு முந்தைய நிலையத்தின் பெயரை அறிவீர்கள்: தாம்பரம் சானடோரியம். 1928-ல் டாக்டர் சௌரிமுத்து அங்கே தொடங்கிய காசநோய் இல்லத்தினால் வந்த பெயர் அது. காசத்துக்கு மருந்தில்லாத அந்நாட்களில் நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு இவற்றுக்காக நோயாளியை வீட்டைவிட்டுப் பிரித்து வைத்தார்கள்.

மருந்துகள் வந்தபின், வீட்டிலேயே குணமாக்கலாம் என்று காட்டியதும் சென்னைதான். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில், மற்றவர்கள் வீட்டில். இரு பிரிவினருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள். வீட்டிலிருந்தவர்களுக்கு இட நெருக்கடி, ஏழைச் சாப்பாடு, குறைந்த ஓய்வு. ஆனாலும் அவர்களும் ஏறக்குறைய அதே அளவில் சுகமடைந்தார்கள் என்று 1959-ல் முடிவு வெளியானது.

குணமாக்கியது மருந்து, மறுப்பதற்கில்லை. ஆனால் அதை ஓராண்டு விடாமல் விழுங்க வேண்டுமே! அதில் ஒன்றான பி.ஏ.எஸ். வயிற்றைப் புரட்டும், தினம் பல கிராம் சாப்பிட வேண்டும். இருமல் நின்றதும் நிறுத்திவிடத் தோன்றும். மையத்தார் திடீரென வீட்டுக்கு வந்து மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். மற்ற நாட்களில் வார்டு நர்ஸின் வேலை தாய்க்கோ மனைவிக்கோ வந்து சேர்ந்தது என்றே நான் இதை வாசிக்கிறேன்.

"கூட இருக்கிறது யாரு?" என்று ஆஸ்பத்திரியில் கேட்கிறோமே, அவர்தான் பராமரிப்பவர். இன்று காசநோயாளியின் வீட்டில் அவர் செய்ய வேண்டியது என்ன? மாத்திரை தவறாமல் பார்ப்பது, கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ உடனே மருத்துவரிடம் சொல்வது, ஜன்னலைத் திறந்து வைப்பது. தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. காசம் காற்றில் பரவுகிறது, பாத்திரத்தில் அல்ல. அந்த ஒதுக்கல் நோயாளியின் மனதைத்தான் உடைக்கிறது.

சரி, பராமரிப்பவரை யார் பராமரிப்பது? பல வீடுகளில் முட்டையும் பாலும் நோயாளிக்குப் போக, அவர் மிச்சக் கஞ்சியோடு படுக்கிறார். ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வில், நோயாளியின் வீட்டார் எல்லாருக்கும் உணவுப் பொருள் கொடுத்தபோது அவர்களுக்குப் புதிதாகக் காசம் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது.

உங்கள் சபையார் ஒரு நோயாளியைப் பார்க்கப் போகும்போது, பழத்தோடு அரிசியும் பருப்பும் கொண்டுபோங்கள். அடுப்படியில் நிற்பவரிடம், "நீங்க பரிசோதனை செஞ்சுக்கிட்டீங்களா?" என்று கேளுங்கள்; சிறு பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும். இல்லை என்றால் ஒருநாள் காலை நீங்கள் நோயாளியிடம் இருந்து, அவர்களை அனுப்பி வையுங்கள்.