அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும்போது

ஸ்ரீரங்கத்தில் பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் நிறைய. பிள்ளைகள் சென்னையிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். திண்ணை, ரேழி, கூடம் என்று உள்ளே நீண்டுகொண்டே போகும் பழைய வீட்டின் பின்கட்டில் நடப்பது தெருவுக்குக் கேட்காது. படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவுக்கு ஆள் வைத்ததில் நான் கற்றவை இவை.

தாளைக் கேளுங்கள். "வெரிஃபிகேஷன் முடிஞ்சாச்சு சார்" என்று ஏஜென்சி சொல்வது போதாது. ஆதார் நகல் ஆள் யார் என்று சொல்லும். எப்படிப்பட்டவர் என்று சொல்லாது. வீட்டு வேலைக்கு வருபவரைச் சரிபார்க்கத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். புதுக்கோட்டையிலிருந்தோ பெரம்பலூரிலிருந்தோ வருபவர் என்றால், முன்பு குடியிருந்த முகவரிகளையும் வாங்கி வையுங்கள்.

முன்பு வேலை பார்த்த வீட்டுக்குப் போன் செய்யுங்கள். போலீஸ் அறிக்கையில் பதிவான வழக்குதான் வரும். கிள்ளியது, சாப்பாடு கொடுக்காமல் விட்டது, தூக்க மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தது எதற்கும் பெரும்பாலும் யாரும் புகார் கொடுப்பதில்லை. "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்பதோடு முடித்துவிடுகிறார்கள். அதனால் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கிறேன்: ஏன் நின்றார்? மறுபடி தேவைப்பட்டால் இவரையே கூப்பிடுவீர்களா? தில்லைநகர் வீடு ஒன்றில், "அவங்களைப் பார்த்தாலே எங்க மாமியார் சிரிப்பாங்க" என்றார்கள். அன்றே முடிவு செய்தோம்.

ஒளிக்காமல் விசாரியுங்கள். விசாரிக்கப்போவதை அவரிடமே சொல்லிவிடுங்கள். நம் வீட்டு விவரம், அம்மாவின் நோய், கோபம் எல்லாவற்றையும் அவருக்கும் சொல்லுங்கள். அவரும் தெரியாத வீட்டுக்குத் தனியாக வருகிறார்.

வைத்த பிறகும் பாருங்கள். சொல்லாமல் போய்ப் பாருங்கள். உடம்பில் காயம், திடீர் மெலிவு, அதிகத் தூக்கம் இருக்கிறதா என்று கவனியுங்கள். அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள். சந்தேகம் வந்தால் முதியோர் உதவி எண் 14567.

குழந்தைகள் இருக்கும் பள்ளி, காப்பகங்களில் ஊழியர் எல்லாரையும் அவ்வப்போது போலீஸ் மூலம் சரிபார்க்க வேண்டும் என்று 2020 போக்சோ விதிகள் சொல்கின்றன. விசாரிக்காமல் உள்ளே விட்டால் என்ன ஆகும் என்பதை 2024 ஆகஸ்டில் வெளிவந்த கிருஷ்ணகிரி போலி என்.சி.சி. முகாமில் பள்ளி மாணவிகளுக்கு நடந்த பாலியல் கொடுமை காட்டியது. ஆனால் வீட்டில் படுத்திருக்கும் பெரியவருக்காக விசாரிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

நாளை உங்கள் வீட்டில் வேலை பார்த்தவரைப் பற்றி யாராவது போனில் கேட்டால், நல்லதோ கெட்டதோ உள்ளதைச் சொல்லுங்கள். இன்னொரு வீட்டுப் பெரியவரின் பாதுகாப்பு அந்த ஒரு பதிலில் இருக்கிறது.