காய்ச்சல் தணிந்த பின்தான் கவனம் தேவை

ஆலய ஆண்டு மலரில் இந்த வாத்தியார் நோயைப் பற்றி எழுதுகிறாரே என்று எண்ண வேண்டாம். என் வீட்டில் நடந்ததைச் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை.

என் பேரனுக்கு இரண்டாம் முறையாக டிங்கிக் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் உடம்புச் சூடு தணிந்தது. "தேறிவிட்டான், நாளை மறுநாள் பள்ளிக்குப் போகலாம்" என்றேன். அன்று மாலையே வயிற்றுவலி, ஓயாத வாந்தி. கைகால்கள் சில்லிட்டன. "தாத்தா, நிற்க முடியவில்லை" என்றான். மருத்துவமனைக்கு விரைந்தோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள் இருந்து, இறையருளால் பிழைத்தான்.

முதல் முறை எளிதில் குணமானவனுக்கு இம்முறை ஏன் இப்படி? டிங்கிக் கிருமியில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து குணமானால், அந்த வகை மீண்டும் தாக்காதபடி உடம்பு காத்துக்கொள்ளும். ஆனால் வேறு வகை நுழையும்போது, பழைய எதிர்ப்பொருள் அதைப் பற்றிக்கொள்ளுமே தவிர அழிக்காது. வெள்ளணுக்களுக்குள் புக வழியும் விட்டுவிடும். காவற்காரனே கள்வனுக்குக் கதவு திறந்த கதைதான். கிருமி பெருகும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி அளவு மீறிக் கொந்தளிக்கும். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும். இரத்த அழுத்தம் வீழும். இந்தக் கசிவு பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் தொடங்குகிறது.

1960களில் பேங்காக்கில் ஆய்வு செய்த டாக்டர் ஸ்காட் ஹால்ஸ்டெட், இரண்டாம் தொற்றின் ஆபத்தை எடுத்துக்காட்டினார். பிலிப்பைன்ஸில் 2016ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு டிங்கித் தடுப்பூசி போடப்பட்டது. முன்பு டிங்கியே வராதவர்களுக்கு அது பின்னாளில் கடும் நோய்க்கு வழிவகுக்கலாம் என 2017ல் தெரியவந்ததும், அத்திட்டம் நிறுத்தப்பட்டது.

அன்பர்கள் மனத்தில் கொள்ள வேண்டியவை:

1. கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தம், மிகுந்த சோர்வு, அமைதியின்மை - இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

2. ஆஸ்பிரின், இபுபுரோஃபென் வேண்டாம். இரத்தப்போக்கை அவை மிகுவிக்கும். பாராசிட்டமாலை அளவோடு கொடுங்கள். நீராகாரம் நிறையக் கொடுங்கள்.

3. மருத்துவர் சொன்ன நாளில் இரத்தப் பரிசோதனைக்குத் தவறாமல் செல்லுங்கள்.

ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ஒரு வாரம், பத்து நாள் போதும். நேர்த்திக்கடனுக்கு உடைத்த தேங்காய்ச் சிரட்டையில் தேங்கும் மழைநீரும் அதற்குப் போதும். ஆகவே வெள்ளிதோறும் கோயிலுக்கு வரும் நாம், வாரம் ஒரு முறை நம் வீட்டுப் பூச்சட்டித் தட்டுகளையும் கவிழ்த்து வைப்போம். அதுவும் ஒரு திருப்பணியே.