கவலைக்கும் ஒரு நாள் கணக்கு

மண்ணைப் பற்றிப் பேசாத மாதம் நமக்குக் கிடையாது. மீன் அமிலம், பஞ்சகவ்யம், பலதானிய விதைப்பு என்று எவ்வளவோ படித்துவிட்டோம். இதையெல்லாம் செய்கிற ஆள் ராத்திரி தூங்குகிறானா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. சமீபத்தில் ஒரு பயிற்சி முடிந்து சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஒரு தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், இயற்கைக்கு மாறி ரெண்டு வருஷம் ஆச்சு. விடியக்காலை மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது. அப்புறம் தூக்கமே இல்ல. உங்களுக்கு இப்படி இருந்துச்சா?" என்றார்.

இருந்தது. அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. வங்கியில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்து, 2016-ல் ஓய்வு பெற்று, டெல்டாவின் கடைமடையில் நாலரை ஏக்கருக்கு வந்து சேர்ந்தவன்.

பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனசு தானாக லேசாகிவிடும் என்று நானும் நினைத்துத்தான் வந்தேன். பச்சை நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பச்சைக்கு நடுவில்தான் ஆள் சம்பளம், நகைக்கடன் தவணை, "சாருக்குப் பென்ஷன் வருது, விளையாடுறாரு" என்கிற பக்கத்து வயல்காரர் கேலி எல்லாம் இருக்கிறது. சான்றிதழ் விதிப்படி ஒரு பருவப் பயிருக்கு இரண்டு வருடம், தென்னை மாதிரி பல்லாண்டுப் பயிருக்கு மூன்று வருடம் மாறுதல் காலம். விளைச்சல் குறையும், இயற்கை விளைபொருள் என்று சொல்லி விலை கேட்கவும் முடியாது. மனசு அதிகம் அடிபடுவது இந்த இடைவெளியில்தான்.

எனக்கு அந்த மூன்றாவது வருடத்தில் கஜா வந்தது. 2018 நவம்பர் 16 விடிந்தபோது என் அறுபத்து இரண்டு தென்னையில் நாற்பத்து ஒன்று படுத்துக் கிடந்தது. மரம் விழுந்ததை விட அதற்கப்புறம் நான் நடந்துகொண்ட விதம்தான் மோசம். போன் எடுக்கவில்லை. கூட்டத்துக்குப் போகவில்லை. டீக்கடைப் பக்கம் போவதை விட்டேன். மூன்று மாதம் கழித்து என் மனைவி ஒரு நாள் சொன்னார்: "என்னங்க, நீங்க பேங்க்ல இருந்தப்ப, பிராஞ்ச் பக்கமே வராத ஆளைத்தான் நெனச்சு பயப்படுவீங்க. இப்ப நீங்களே அப்படித்தான் இருக்கீங்க."

அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. கடன் வாங்கியவர் கிளைக்கு வந்து சண்டை போட்டால் மேனேஜருக்குப் பயமில்லை. வராமல் போகிறவர்தான் கவலை. வயலாய்வு அதிகாரியாக இருந்தபோது ஒருவர் நாலு மாதம் வரவில்லை. "பதில் இல்லை" என்று கோப்பில் எழுதி, நோட்டீசில் கையெழுத்துப் போட்டேன். பிறகு அவர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்ற செய்தி வந்தது. நோட்டீஸ்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட சாவுக்கு ஒற்றைக் காரணம் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அவர் நாலு மாதமாக வரவில்லை என்பது என் பதிவேட்டில் என் கையெழுத்திலேயே இருந்தது. அவர் வீட்டுக்குச் சைக்கிளில் போனால் இருபது நிமிடம்.

நான் தேறி வந்தது பெரிய வைத்தியத்தால் இல்லை, சில்லறைப் பழக்கங்களால்தான்.

முதல் பழக்கம் வங்கியில் கற்றது. கம்ப்யூட்டர் வருமுன் சாயங்காலம் கணக்கு டேலி ஆகாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. எவ்வளவு தேடியும் வித்தியாசம் பிடிபடவில்லை என்றால் அதை சஸ்பென்ஸ் கணக்கில் எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடுவோம். மறந்துவிட்டோம் என்று அர்த்தமில்லை. அதற்கு ஒரு இடம் கொடுத்துவிட்டோம், பிறகு பார்ப்போம், அவ்வளவுதான்.

இப்போது விளக்கு வைக்கிற நேரத்துக்கு, சாப்பாட்டுக்கு முன்னால், நாற்பது பக்க நோட்டில் பத்து நிமிடம் எழுதுகிறேன். இன்றைய வரவு செலவு முதலில். நாளைக்குச் செய்யவேண்டிய வேலை அடுத்து. கடைசியில் சஸ்பென்ஸ்: "தென்னங்கன்றுக்குப் பணம், தை 5", "வரப்புத் தகராறு, அமாவாசை கழித்து" என்று கவலையோடு அதைப் பார்க்கவேண்டிய தேதியையும் போடுவேன். அந்தத் தேதிக்கு முன்னால் அது ராத்திரி வந்து கதவைத் தட்டினால், "உன் தேதி இன்னும் வரல" என்று சொல்லிக்கொள்ளலாம். சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது. தேதி வரும்போது சில கவலை தானாகப் போயிருக்கும். சில அப்படியே நிற்கும். மூன்று முறை தேதி மாற்றிய கவலையை நான் தனியாக வைத்துக்கொள்வதில்லை, வீட்டில் பேசியே ஆகவேண்டும் என்று ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். அப்படித்தான் என் நகைக்கடன் விஷயம் மனைவிக்குத் தெரிந்தது. ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் இரண்டு பேருமாக உட்கார்ந்து வழி பார்த்தோம்.

அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தார் 57 இளைஞர்களை வைத்துச் சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். படுக்குமுன் ஐந்து நிமிடம், செய்யவேண்டிய வேலைகளை எழுதியவர்கள், செய்துமுடித்ததை எழுதியவர்களை விடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். ஒன்பது நிமிடம் பெரிதில்லை, அவர்களுக்கு நம் வயசும் இல்லை, கடனும் இல்லை. ஆனாலும் எழுதி இறக்கி வைத்தால் பாரம் குறைகிறது என்பது அதில் தெரிகிறது.

தூக்கம் இரண்டாவது. மும்முனை மின்சாரம் ராத்திரியில் வருகிற ஊரில் தூக்கம் பற்றிப் பேசினால் அடிக்க வருவீர்கள். இருந்தாலும் சொல்கிறேன், மொபைல் ஸ்டார்ட்டருக்குச் செலவு செய்ய யோசிக்காதீர்கள். அதை மோட்டார் செலவில் எழுதாமல் வைத்தியச் செலவில் எழுதுங்கள். ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழுவது ஒரே நேரமாக இருக்கட்டும். எழுந்ததும் போனில் விலை பார்க்காமல் வரப்பில் வெளிச்சத்தில் நடங்கள். பகல் தூக்கம் அரை மணிக்குள், டீ மாலை நாலு மணிக்குள். நடு ராத்திரி முழிப்பு வந்து இருபது நிமிடமாகியும் தூக்கம் வரவில்லையா, புரளவேண்டாம். எழுந்து திண்ணையில் இருட்டில் உட்காருங்கள், கண் சொக்கினால் மறுபடி போய்ப் படுங்கள். அந்த நேரத்தில் போனை எடுத்தால் விடிந்துவிடும். "ஒரு கட்டிங் போட்டா நல்லா தூங்கலாம்" என்பவர்களுக்கு: படுத்ததும் தூக்கம் வரும், பின்னிரவில் அதுவே கெடுக்கும். மூன்று மணி முழிப்புக்கு அது ஒரு முக்கியக் காரணம். தூக்கம் கெட்ட வாரத்தில் நிலத்தை விற்பது, பங்காளியிடம் கணக்குக் கேட்பது மாதிரி முடிவு எதுவும் எடுக்காதீர்கள்.

அடுத்து, வீட்டில் இருக்கும் விஷம். நாம்தான் பூச்சிக்கொல்லியே அடிப்பதில்லையே என்பீர்கள். பரணில் பழைய பாட்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், என் வீட்டிலேயே இரண்டு இருந்தது. இலங்கையில் 1995 வாக்கில் தற்கொலை லட்சத்துக்கு 47 என்ற உச்சத்தில் இருந்தது. கடும் நஞ்சான பூச்சிக்கொல்லிகளை 1984-லிருந்தே ஒவ்வொன்றாக நிறுத்தி வந்தவர்கள், 1995-ல் மீதமிருந்த மிகக் கொடியவற்றையும் 1998-ல் எண்டோசல்பானையும் தடை செய்தார்கள். 2005-க்குள் அந்த எண்ணிக்கை பாதியாகிவிட்டது. போரோ கடனோ வறுமையோ அங்கே தீர்ந்துபோகவில்லை. சாகவேண்டும் என்கிற வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான், கைக்கெட்டும் இடத்தில் விஷம் இல்லாவிட்டால் அந்த நேரம் கடந்துவிடும். நம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஓரிடத்தில் பெட்டிகளில் பூட்டி வைக்கும் முறையை நடத்திப் பார்த்தார்கள். வங்கி லாக்கர் மாதிரி என்றதும் எனக்குச் சட்டென்று புரிந்தது. பாதி நிலம் மட்டும் மாறியவர்கள் இதை யோசியுங்கள். மிச்சத்தை வாய்க்காலிலோ கிணற்றிலோ கொட்டக் கூடாது. வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு ஒப்படைக்கப் பாருங்கள், அதுவரை வீட்டுக்கு வெளியே பூட்டில் இருக்கட்டும்.

பழக்கத்தால் எல்லாம் சரியாகும் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். வேருக்குப் பூசணம் வந்தால் வைத்தியம் பார்க்கிறோம் அல்லவா. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

அந்தத் தம்பி கடைசியில் கேட்டது: "எங்க குரூப்ல ஒருத்தர் ரெண்டு கூட்டமா வரல சார். போன் பண்ணாலும் எடுக்கல. என்ன பண்றது?"

நேரில் போகச் சொன்னேன். "ஏன் வரல?" என்று ஆரம்பிக்கவேண்டாம், அது நோட்டீஸ் மாதிரி இருக்கும். "நாத்தங்கால் பாக்க வந்தேண்ணே" என்று சொல்லி வரப்பில் கூட நடங்கள். பேச்சு தானாக வரும், வராவிட்டாலும் பரவாயில்லை. முகம் சரியில்லை என்றால் தயங்காமல், "செத்துப் போயிடலாம்னு ஏதாவது தோணுதாண்ணே?" என்று நேராகவே கேட்கலாம். கேட்டதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, சொல்ல ஒரு ஆள் கிடைத்தார் என்றுதான் இருக்கும். ஆமாம் என்றால் தனியே விட்டுவிட்டு வராதீர்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், அவர் பக்கத்தில் இருந்துகொண்டே 14416-க்குப் போன் போடுங்கள், மறுநாள் மருத்துவமனைக்கு வண்டியில் நீங்களே ஏற்றிக்கொண்டு போங்கள்.

தம்பி அன்று சாயங்காலமே போயிருக்கிறார். மாடு கன்று போட்டதில் வர முடியவில்லையாம் அவருக்கு. சீம்பால் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.