கயிறு பிடிக்கும் கை: குதிரையிடம் நிதானமாக நடந்துகொள்ளப் புதியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

லாயத்துக்குப் புதிதாக வருகிற யாருக்கும் முதலில் கிடைக்கும் அறிவுரை, "பயப்படாதீங்க, பயந்தா அதுக்குத் தெரிஞ்சிடும்" என்பதுதான். உண்மைதான், ஆனால் பிரயோஜனமில்லாத உண்மை. 400, 500 கிலோ எடையுள்ள ஒரு பிராணி பக்கத்தில் நின்று பெருமூச்சு விடும்போது பயம் வராமல் இருக்குமா? வந்த பயம் போதாதென்று, 'ஐயோ, தெரிந்துவிடுமே' என்று இன்னொரு பயமும் சேர்ந்துகொள்ளும்.

மனசை அடக்குகிற வேலையை ஒத்திவையுங்கள். மூச்சு, தோள், கை, கால் ஆகியவற்றைக் கவனியுங்கள். உங்கள் கலவரம் பெரும்பாலும் இவற்றின் வழியாகத்தான் குதிரைக்குப் போய்ச் சேர்கிறது. ஸ்வீடனில் லிண்டா கீலிங் குழுவினர் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குதிரையோடு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நான்கு தடவை போக வேண்டும், அவ்வளவுதான். நான்காவது தடவைக்கு முன்னால் மட்டும், "நீங்கள் கடக்கும்போது குடையைப் படக்கென்று விரிப்போம்" என்று ஆட்களிடம் சொல்லிவைத்தார்கள். குடையை யாரும் விரிக்கவே இல்லை. ஆனாலும் ஆளுக்கு இதயத்துடிப்பு ஏறியது, குதிரைக்கும் ஏறியது. சேணத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கடிவாள வாரை முன்பைவிடக் குறுக்கிப் பிடித்திருந்தார்கள்.

வாசனையும் உண்டு. பயமுறுத்தும் படம் பார்த்தவர்களின் வியர்வையையும் சந்தோஷமான காட்சி பார்த்தவர்களின் வியர்வையையும் குதிரைகள் வேறுபடுத்தி அறிகின்றன என்று பிரான்ஸில் 2023-இல் கண்டிருக்கிறார்கள். வியர்வையை நம்மால் கட்டுப்படுத்த முடியாது. கையைக் கட்டுப்படுத்தலாம். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் உடம்பைப் பற்றித்தான். ஏறி ஓட்டுவது வேறு பாடம். இங்கே தரையில் நின்று குதிரையைப் பிடிப்பது, நடத்துவது, திரும்ப விடுவது மட்டும்.

## படி 1: உள்ளே போகுமுன்

காலை மூடிய, கெட்டியான ஷூ. தலைக்கு ஹெல்மெட், ஏறாவிட்டாலும். காற்றில் படபடக்கும் துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள். போனை சைலன்டில் போடுங்கள்.

பிறகு லாயத்துக்கு வெளியே ஓரிடத்தில் நின்று மூச்சை நிதானப்படுத்துங்கள். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும், அதுதான் துடிப்பை இறக்கும். பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்களா பாருங்கள். முழங்கால் விறைத்திருந்தால் சற்று தளர்த்துங்கள்.

பயத்தைவிட மோசமானது அவசரம் என்பது என் அபிப்பிராயம். பயந்தவர் தயங்கி நிற்பார். அவசரக்காரர் இழுப்பார். பத்து நிமிடம்தான் கையில் இருக்கிறது என்றால் அன்றைக்குக் குதிரையை வெளியே கொண்டுவராதீர்கள், புல் போட்டுவிட்டு வாருங்கள்.

## படி 2: அது பார்க்கிற பக்கமாகப் போங்கள்

குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கங்களில் இருக்கின்றன. சுற்றிலும் கிட்டத்தட்ட 350 பாகை பார்க்கும். வாலுக்கு நேர் பின்னாலும், நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்ச தூரமும்தான் அதற்குத் தெரியாத இடங்கள். சினிமாவில் செய்வதுபோல நேரே எதிரில் போய் நெற்றியில் கை வைப்பது குதிரையின் கணக்கில் நாகரிகக் குறைவு.

இடது தோளைக் குறிவைத்து, லேசாக வளைந்து நடங்கள். போவதற்கு முன்பே பேச்சுக் கொடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். இடப்பக்கம் என்பது படைவீரர்கள் இடுப்பின் இடது பக்கம் வாள் தொங்கவிட்ட காலத்துப் பழக்கம் என்பார்கள். எப்படியோ, பெரும்பாலான குதிரைகள் அந்தப் பக்கத்துக்குத்தான் பழகியிருக்கின்றன.

புதியவர்கள் இங்கே ஒரு தப்புச் செய்வார்கள். பயம் காட்டக் கூடாது என்று நினைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் பார்த்தபடி, மெல்ல மெல்ல அடி வைத்து வருவார்கள். அது வேட்டை மிருகத்தின் நடை. லட்சக்கணக்கான ஆண்டுகளாக அந்த நடையைக் கண்டு ஓடியே பிழைத்த இனம் இது. கடைக்குப் போகிற மாதிரிச் சாதாரணமாக நடங்கள்.

இரண்டு கை தூரத்தில் நில்லுங்கள். புறங்கையை நீட்டுங்கள், மோந்து பார்க்கட்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஒரு அடி பின்வாங்குங்கள். நீங்கள் விலகியதை அது கவனிக்கும். 'வேண்டாமென்றால் விட்டுவிடுகிற ஆள்' என்பதுதான் நீங்கள் தரக்கூடிய முதல் நல்ல செய்தி.

## படி 3: தட்டாதீர்கள், சொறியுங்கள்

கழுத்தில் பளார் பளாரென்று தட்டி சபாஷ் சொல்வது நம் வழக்கம். குதிரைகள் ஒன்றையொன்று அப்படித் தட்டுவதில்லை. பிடரி முடிகிற இடத்தில், தோள்மேட்டுக்குச் சற்று முன்னால், பல்லால் மாறி மாறிச் சொறிந்துவிடுகின்றன. அந்த இடத்தைச் சொறிந்துவிட்டால் இதயத்துடிப்பு குறைகிறது என்று 1993-இல் க்ளாடியா ஃபே, ஜீன் டி மாசியர் என்ற இரு ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். சும்மா நிற்கும் குதிரையின் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை.

விரல் நுனிகளை அங்கே வைத்துக் கொஞ்சம் அழுத்தியே சொறியுங்கள். ஈ ஊர்வதுபோல் மெல்லத் தடவினால் தோலைச் சிலிர்த்து உதறும். சரியான இடம் அகப்பட்டதும் கழுத்து நீளும், கண் பாதி மூடும், மேலுதடு முன்னால் நீண்டு ஒரு பக்கமாக நெளியும். சில குதிரைகள் பதிலுக்கு உங்கள் தோளைப் பல்லால் சொறிய வரும். அன்புதான், ஆனால் அதன் பல்லுக்கு நம் தோல் தாங்காது. முழங்கையை இடையில் வைத்து நகர்ந்துகொள்ளுங்கள். இந்த ஒரு வேலையைக் கொஞ்ச நேரம் செய்தாலே உங்கள் மூச்சும் தானாக இறங்கிவிடும்.

## படி 4: அது சொல்வதைப் படியுங்கள்

காதுதான் முதல். நீங்கள் பேசும்போது உங்கள் பக்கம் ஒரு காது திரும்பினால் கவனிக்கிறது. இரண்டும் விறைப்பாக முன்னே நின்றால் தூரத்தில் எதையோ பார்த்துவிட்டது. அது எதுவென்று நீங்களும் பாருங்கள். பிடரியோடு ஒட்டப் பின்னால் மடிந்தால் எச்சரிக்கை, விலகுங்கள்.

மார்வாரி, கத்தியவாரி இனங்களுக்குக் காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் அளவுக்கு வரும். ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தைக்குப் போனவர்கள் இவற்றைப் பார்த்திருப்பார்கள். அயல்நாட்டுப் புத்தகப் படங்களை வைத்துக்கொண்டு இந்தக் காதைப் படிக்க முடியாது. நுனியை விட்டுவிட்டு அடிக்காதைப் பாருங்கள், அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று.

அடுத்து வாய், தாடை, வால். தாடை இறுகி, மூக்குத் துளை விரிந்து, வால் விசுக்விசுக்கென்று வீசினால் ஏதோ பிடிக்கவில்லை. தலை தாழ்ந்து கீழுதடு தொங்கினால் நிம்மதியாக இருக்கிறது. வாயை மென்று நாக்கைச் சுழற்றினால், 'உங்களைத் தலைவராக ஏற்றுக்கொண்டது' என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஓர் இறுக்கம் விலகியதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். இறுக்கத்தை உண்டாக்கியதே நாமாகவும் இருக்கலாம்.

## படி 5: கயிறும் நடையும்

ஹால்ட்டரை (தலையில் மாட்டும் வார்) மாட்டியதும் கயிற்றை வலது கையில், தாடைக்குக் கீழே ஒரு முழம் விட்டுப் பிடியுங்கள். மிச்சக் கயிற்றை இடது கையில் மடித்து, மடிப்பின் நடுவில் பிடியுங்கள். கையைச் சுற்றிக் கட்டிக்கொள்ளவே கூடாது. குதிரை ஓடினால் கயிற்றோடு விரலும் போகும்.

பயம் வந்ததும் எல்லோரும் செய்வது, கை தாடைக்கு அடியில் ஏறிக் கயிற்றை இறுக்கிப் பிடிப்பது. எந்த லாயத்திலும் குதிரைக்காரர் திரும்பத் திரும்பக் கத்துவது இதைத்தான்: "கையை லூஸா விடுங்க சார்!" கயிறு லேசாகத் தொய்ந்து, சிரித்த வாய் மாதிரி வளைந்து தொங்க வேண்டும். இறுகிய கயிறு, 'முன்னால் ஏதோ ஆபத்து' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இவ்வளவு சின்ன விஷயமெல்லாம் குதிரைக்குத் தெரியுமா என்று கேட்பவர்களுக்கு ஹான்ஸ் கதை. பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஆசிரியர் வளர்த்த குதிரை அது. கணக்குப் போட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். 1904-இல் ஒரு குழுவே கூடி ஆராய்ந்தும் மோசடி எதுவும் அகப்படவில்லை. பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் கண்டுபிடித்தார்: கேள்வி கேட்பவர் குளம்பைப் பார்க்கத் தலையைச் சற்றுத் தாழ்த்துகிறார், சரியான எண்ணிக்கை வந்ததும் தன்னையறியாமல் இம்மியளவு நிமிர்கிறார், ஹான்ஸ் தட்டுவதை நிறுத்திவிடுகிறது. கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. இதில் எனக்குப் பிடித்தது அடுத்த செய்தி. ரகசியத்தைக் கண்டுபிடித்த ஃபுங்ஸ்டாலேயே தன் தலை நிமிர்வதை முழுக்க அடக்க முடியவில்லை. ஆகவே நடிக்க முயலாதீர்கள், அது ஆகாது. நிஜமாகவே தளர்த்துங்கள்.

நடக்கத் தொடங்கும்போது குதிரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு இழுக்காதீர்கள். அதன் கழுத்துக்கும் தோளுக்கும் பக்கத்தில் நின்று, போகவேண்டிய இடத்தைப் பார்த்து, மார்பு நிமிர்ந்து, முதல் அடியை வையுங்கள். வரவில்லையா? கயிற்றில் மெல்லிய அழுத்தம் கொடுத்து அப்படியே வைத்திருங்கள். அது ஓர் அடி வைத்த அந்த நொடியே அழுத்தத்தை விட்டுவிடுங்கள். விடுகிற தருணம்தான் பாடம். இரண்டு நொடி தாமதித்து விட்டால் அது எதற்கு என்று குதிரைக்குப் புரியாது.

நிறுத்த வேண்டுமானால் முதலில் நீங்கள் நில்லுங்கள், கூடவே மூச்சை நீளமாக விடுங்கள். அதற்கும் நிற்காவிட்டால்தான் கயிறு. இதே வரிசையை மாற்றாமல் செய்துவந்தால், போகப்போக உங்கள் மூச்சுக்கே நின்றுவிடுகிற குதிரைகள் உண்டு.

## படி 6: மிரண்டால்

பிளாஸ்டிக் பை பறக்கும், பட்டாசு வெடிக்கும். குதிரை மிரளத்தான் செய்யும். அந்நேரம் எதிரில் நிற்காதீர்கள், தோளுக்குப் பக்கத்தில் இருங்கள். கயிற்றைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். பிறகு தலையை உங்கள் பக்கம் திருப்பி, உங்களைச் சுற்றிச் சிறு வட்டமாக நடக்க விடுங்கள். நேராக ஓடத்தான் அது பலம் திரட்டும், வளைந்து நடக்கையில் அந்த வேகம் குறையும். குரல் தாழ்ந்து, ஒரே சீராக இருக்கட்டும். கத்தினால், 'நானும் பயந்துவிட்டேன்' என்று அறிவிப்பதாகிவிடும்.

பின்னங்காலில் எழும்பினாலோ பிய்த்துக்கொண்டு ஓடினாலோ கயிற்றை விட்டுவிடுங்கள். இதில் மானப் பிரச்சினை எதுவும் இல்லை.

## படி 7: கோபம் வந்தால்

பயத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், எரிச்சலைப் பற்றிப் பேசுவதில்லை. கிரேக்கரான செனஃபோன் கிறிஸ்துவுக்கு முந்திய நான்காம் நூற்றாண்டில் எழுதிய குதிரை நூலில், கோபத்தோடு குதிரையை அணுகவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2016-இல் 28 குதிரைகளுக்கு மனித முகப் படங்களைக் காட்டினார்கள். கோபமுகத்தை அவை இடக்கண்ணால் பார்த்தன, துடிப்பும் வேகமாக ஏறியது. 2018-இல் அதே ஆராய்ச்சியாளர்கள் இன்னொன்றும் கண்டார்கள்: படத்தில் கோபமாகத் தெரிந்த ஆள், சில மணி நேரம் கழித்து முகத்தில் ஒன்றும் காட்டாமல் நேரில் வந்தபோதும், குதிரைகள் அவரைச் சந்தேகத்தோடுதான் பார்த்தன.

எரிச்சல் வந்தால் கயிற்றை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போங்கள்.

## நிதானம் போதாத இடம்

நேற்றுவரை சாதுவாக இருந்த குதிரை இன்று தொட்டாலே காதை மடிக்கிறதென்றால், உங்கள் உடல்மொழியை நொந்துகொள்ளாதீர்கள். பல், முதுகு, குளம்பு, வயிறு என்று எங்கோ வலி இருக்கலாம். சேணம் அழுத்தலாம், லாடம் சரியாக அடிக்காமல் இருக்கலாம். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

## திரும்ப விடும்போது

மேய்ச்சல் இடத்துக்குள் கூட்டிப்போனதும் குதிரையின் முகத்தை வாசல் பக்கம் திருப்பி நிறுத்துங்கள். வாசல் உங்களுக்குப் பின்னால் இருக்கட்டும். ஒரு தடவை மூச்சு விட்டு, தோள்மேட்டைச் சொறிந்து, தலை தாழும்வரை பொறுங்கள். ஹால்ட்டரைக் கழற்றியதும் அது போகுமுன் நீங்களே இரண்டு அடி பின்வாங்குங்கள். விடுதலை கிடைத்த குஷியில் திரும்பிப் பின்னங்காலை உதறுகிற குதிரைகள் உண்டு.