எட்டாத கழிப்பறையும் எடுத்துச் செல்லும் சிறுநீர்க் கலமும்

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை அடுத்துள்ள வலியசாலை, தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வரும் பழைய குடியிருப்புகளுள் ஒன்றாகும். காந்தளூர் மகாதேவர் ஆலயத்தைச் சார்ந்த அக்கிரகாரத் தெருக்களில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி, அகலம் குறைந்தும் நீளம் மிகுந்தும் அமைந்துள்ளன. திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கொல்லை என்று வரிசையாகப் பின்னோக்கிச் செல்லும் இத்தகைய வீட்டில் கழிப்பறைக்கு மரபாக ஒதுக்கப்பட்ட இடம் கொல்லையின் கோடியாகும். புதுப்பிக்கப்பட்ட வீடுகளில் படுக்கையறையை ஒட்டியே கழிப்பறை வந்துவிட்டது. பழைய அமைப்பு மாறாத வீட்டிலோ, கூடத்தில் படுத்திருக்கும் முதியவர் ஓரிரு படிகளையும், சில நிலைப்படிகளையும், ஈரம் உலராத முற்றத்தையும் கடந்த பின்னரே கழிப்பறையை அடைய முடியும்.

இளமையில் பொருட்படுத்தப்படாத இந்தத் தொலைவு முதுமையில் கடக்க இயலாததாகி விடுகிறது. பிள்ளைகள் வேலையின் பொருட்டு வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றுவிட, வயதான தம்பதியர் மட்டும் தங்கியுள்ள வீட்டில் இது அன்றாடம் பலமுறை எழும் பிரச்சினையாகும். கழிப்பறைக்கு மனிதர் செல்ல இயலாதபோது, கலம் மனிதரிடம் வருவதே இதற்குரிய எளிய தீர்வு. மருத்துவமனைகளில் 'யூரினல்' என்றும் 'பெட்பேன்' என்றும் வழங்கும் இச்சாதனங்கள் விலையில் சிறியவை, பயனில் பெரியவை. ஆயினும் வளர்ச்சித் திட்டங்களில் இவற்றுக்குக் கிடைத்துள்ள கவனம் குறைவேயாகும்.

தொலைவின் வரலாறு

கழிப்பறை வீட்டின் கடைசி மூலைக்குத் தள்ளப்பட்டதற்கு நாற்றம் ஒன்றே காரணமன்று. நீரூற்றிக் கழுவும் கழிப்பறைகள் பரவுவதற்கு முன்னர், உலர் கழிப்பறையின் மலத்தை அகற்றும் பணி சில சாதியினர் மீது சுமத்தப்பட்டிருந்தது. அவர்கள் வீட்டிற்குள் நுழையாமல் பின்புறச் சந்து வழியாகவே வந்து செல்லும்படி பல நகரங்களில் வீடுகள் அமைக்கப்பட்டன. தீட்டு என்ற எண்ணமே அந்தத் தொலைவை அளந்தது எனலாம். 1993ஆம் ஆண்டுச் சட்டம் உலர் கழிப்பறைகளைக் கட்டுவதையும், மலம் அள்ள ஆட்களை அமர்த்துவதையும் தடை செய்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அத்தடையை விரிவாக்கி, அத்தொழிலில் இருந்தோரின் மறுவாழ்வுக்கும் வழிவகுத்தது. பழைய முறை சட்டத்தால் விலக்கப்பட்டுவிட்டது. எனினும் அது விட்டுச் சென்ற வீட்டமைப்பு பல இடங்களில் நின்றுவிட்டது. அதன் சுமையை இன்று தாங்குபவர்கள் அவ்வீடுகளிலேயே மூப்படைந்தவர்கள்.

தேவையின் அளவு

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய மக்களில் 8.6 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளத்தில் இவ்விகிதம் 12.6 விழுக்காடாக இருந்தது. அதே கணக்கெடுப்பு நாட்டில் 2.68 கோடி மாற்றுத் திறனாளிகள் இருப்பதாகக் காட்டிற்று. முதுகுத்தண்டு அடிபட்டோர், பக்கவாதத்தால் ஒருபுறம் செயலிழந்தோர், மூட்டுவாதத்தால் எழ இயலாதோர், அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஓய்விலுள்ளோர் ஆகிய அனைவருக்கும் ஏதேனும் ஒரு காலத்தில் இத்தேவை நேர்கிறது.

2014ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பட்ட தூய்மை இந்தியா இயக்கத்தின்கீழ், 2019க்குள் ஊர்ப்புறங்களில் 10 கோடிக்கும் மேற்பட்ட வீட்டுக் கழிப்பறைகள் கட்டப்பட்டன. கேரளத்தின் ஊர்ப்புறம் 2016 நவம்பர் முதல் நாளன்று திறந்தவெளி மலங்கழிப்பு அற்றதாக அறிவிக்கப்பட்டது. இவை பெருஞ்சாதனைகள். ஆனால் கழிப்பறை 'உண்டா, இல்லையா' என்று கேட்கும் கணக்கெடுப்பு, அவ்வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அதை 'அடைய முடிகிறதா' என்று கேட்பதில்லை. கட்டடம் வீட்டைச் சார்ந்தது. எட்டுதல் மனிதரைச் சார்ந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டைத் திட்டமிடுவோர் உணர்தல் வேண்டும்.

எட்டாமையின் விளைவுகள்

கழிப்பறைக்குச் செல்வது கடினம் என்று உணர்ந்த முதியவர் முதலில் செய்வது தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வதாகும். பிறருக்குத் தொல்லை தரலாகாது என்னும் நல்லெண்ணமே இதற்குக் காரணம். ஆனால் உடலில் நீர் குறைவதால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, மயக்கம் ஆகியன நேரலாம். வெப்பம் மிகுந்த பங்குனி, சித்திரை மாதங்களில் இந்த ஆபத்து மேலும் கூடுகிறது.

இரண்டாவது விளைவு, இரவில் விழுதல். வயது ஏற ஏற இரவில் சிறுநீர் கழிக்க எழும் தேவை மிகுகிறது. தூக்கக் கலக்கமும், மங்கிய ஒளியும், ஈரத் தரையும் சேரும்போது கால் இடறுகிறது. இடுப்பெலும்பு முறிந்த முதியோருள் பலர் தமது பழைய நடமாட்டத்தை மீண்டும் பெறுவதில்லை.

மூன்றாவது, தேவையற்ற குழாய். சிறுநீர்ப்பையில் பொருத்தப்படும் கதீட்டர் சில நோயாளிகளுக்கு இன்றியமையாதது. பராமரிப்போரின் வசதிக்காக மட்டும் அதைப் பொருத்துவது முறையன்று. குழாய் உடலிலிருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமிகள் சேரும் வாய்ப்பு 3 முதல் 7 விழுக்காடு வரை என மருத்துவ நூல்கள் கூறுகின்றன. கலத்தைப் பயன்படுத்தக் கூடியவருக்குக் குழாய் பொருத்தாதிருப்பது நோய்த் தடுப்பு முறைகளுள் ஒன்றாகும்.

கலங்களின் வகைகள்

ஆண்களுக்கான கலம் சாய்ந்த கழுத்தும் கைப்பிடியும் உடையது. பொதுவாக ஒரு லிட்டர் அளவு கொள்வது. பெரியவர் ஒருவர் ஒருமுறை கழிக்கும் சிறுநீர் பெரும்பாலும் அரை லிட்டருக்கு மிகாததால் இவ்வளவு போதுமானது. பெண்களுக்கான கலம் அகன்ற வாயும் தட்டையான அடிப்பகுதியும் கொண்டது. கடைகளில் எளிதாகக் கிடைப்பது ஆண்களுக்கான வகையே என்பதால், பெண்கள் கனமான பெட்பேனையோ துணியையோ நாட வேண்டியதாகிறது. இடுப்பை உயர்த்த இயலாதவருக்கு, ஒருபுறம் தாழ்ந்த விளிம்புள்ள மெல்லிய பெட்பேன் ஏற்றது. உட்கார முடிந்தவர்களுக்குக் கம்மோடு நாற்காலி மிகவும் சிறந்தது. உட்கார்ந்த நிலையில் சிறுநீர்ப்பை நன்கு காலியாகிறது. கை நடுக்கமுள்ளவர்களுக்கு, கவிழ்ந்தாலும் சிந்தாதபடி ஒருவழி அடைப்பு பொருத்திய கலங்களும் உள்ளன.

முன்னாளில் மண் சட்டியும், பின்னர் எனாமல் பாத்திரமும் இதற்குப் பயன்பட்டன. இக்காலத்தில் பிளாஸ்டிக்கும் எவர்சில்வரும் பெருவழக்காகும். பிளாஸ்டிக் கலம் எடை குறைந்தது. குளிர்காலத்தில் உடலைச் சில்லிட வைக்காது. எவர்சில்வர் நீடித்து உழைக்கும். அளவுக் கோடுகள் பொறித்த, ஒளி ஊடுருவும் கலத்தில் சிறுநீரின் அளவையும் நிறத்தையும் கண்டறியலாம். அடர்ந்த மஞ்சள் நிறம் நீர் போதாமையைக் காட்டும் அடையாளமாகும். சிறுநீர் அறவே வெளிவராமல் அடிவயிறு வலித்தாலும், சிறுநீரில் இரத்தம் கலந்தாலும், காய்ச்சல் கண்டாலும் தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும்.

பயன்படுத்தும் முறை

படுத்திருப்பவரின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தியோ, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தோ கலத்தைப் பொருத்துதல் நலம். வேலை முடிந்ததும் உடனே எடுத்துவிட வேண்டும். தொடையிடுக்கில் நெடுநேரம் அழுந்தினால் தோல் புண்ணாகும். மூடியுள்ள கலத்தைக் கட்டிலின் பக்கவாட்டில், கைக்கெட்டும் இடத்தில் தொங்கவிடலாம். குடிநீரும் மருந்தும் உள்ள மேசையின்மீது வைத்தல் கூடாது.

சிறுநீர் தேங்கினால், அதிலுள்ள யூரியாவைக் கிருமிகள் சிதைக்க அம்மோனியா உண்டாகிறது. நாற்றத்திற்குக் காரணம் அதுவே. ஆகவே ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் கொட்டி, நீரால் அலசி, சோப்பும் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்து, வெயிலில் உலர்த்த வேண்டும். உட்புறம் படியும் வெண்கறையை நீர் கலந்த வினிகர் அகற்றும். பிளீச்சிங் கரைசலைப் பயன்படுத்துவதாயின், முதலில் சிறுநீரையும் வினிகரையும் முற்றிலும் அலசிவிடுதல் இன்றியமையாதது. அவை பிளீச்சிங் கரைசலோடு சேர்ந்தால் நச்சு வாயு வெளிப்படும். ஒருவருக்கு ஒரு கலம் என்பதே விதியாக இருத்தல் வேண்டும்.

கொட்டுபவர் யார்?

கலத்தைக் கொண்டுவருவது எளிது. அதை எடுத்துச் சென்று கொட்டுபவர் யார் என்பதே கடினமான கேள்வி. பெரும்பாலான வீடுகளில் இப்பணி மனைவி, மகள், மருமகள் ஆகியோர்மீது விழுகிறது. அவர்களுள் பலர் தாமும் முதியவர்களே. வசதியுள்ள குடும்பங்கள் 'ஹோம் நர்ஸ்' ஒருவரை அமர்த்துகின்றன. வீட்டில் ஊதியமின்றிச் செய்யப்படும் பணி நாட்டு வருமானக் கணக்கில் சேர்வதில்லை. ஊதியத்திற்குச் செய்யப்படும்போதும் அதற்குரிய மதிப்பு கிடைப்பதில்லை. பின்புறச் சந்து வழியே வந்து சென்றவர்களைக் குறித்த பழைய மனப்பான்மை, இன்று கூடத்துக்குள்ளேயே பணிபுரியும் பெண்ணின்மீது திரும்பிவிடாதவாறு காத்தல் சமுதாயத்தின் கடமையாகும். கையுறை, மூடியுள்ள கலம், அருகில் தண்ணீர்க் குழாய், முறையான பயிற்சி, நியாயமான கூலி ஆகியன சலுகைகள் அல்ல. பணிக்குரிய அடிப்படைத் தேவைகள். முடிந்தபோதெல்லாம் ஆண்களும் இப்பணியில் பங்கேற்றல் வேண்டும்.

கேரளத்தின் அனுபவம்

பாலியேட்டிவ் கேர் எனப்படும் நோய்த் தணிப்புப் பராமரிப்பில் கேரளம் நாட்டிற்கு வழிகாட்டியாக விளங்குகிறது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய முயற்சி, அண்டை வீட்டாரும் தன்னார்வலரும் நோயாளியின் இல்லத்திற்கே செல்லும் இயக்கமாக வளர்ந்தது. திருவனந்தபுரத்தில் 2003இல் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் நிறுவிய பாலியம் இந்தியா இத்துறையில் முன்னணியில் நிற்கிறது. 2008இல் மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டு, உள்ளாட்சிகளுக்கும் பொறுப்பளித்தது. இல்லம் தேடிச் செல்லும் செவிலியர், கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் இடையேயுள்ள படிகளைத் தம் கண்ணால் காண்கிறார். அலுவலகத்தில் அமர்ந்து காண இயலாத தேவை அவருக்குப் புலப்படுகிறது.

திட்டமிடுவோர் கவனத்திற்கு

2016இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட 50 முன்னுரிமைத் துணைச் சாதனங்களின் பட்டியலில் கழிப்பறை நாற்காலியும், சிறுநீரை உறிஞ்சும் பொருள்களும் இடம்பெற்றன. நம் நாட்டில் 2017இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு ஊன்றுகோல், நடைதாங்கி, செவிக்கருவி, சக்கர நாற்காலி முதலியவற்றை வழங்க முன்வந்தது. கம்மோடு பொருத்திய நாற்காலிகள் பின்னர் அதில் சேர்க்கப்பட்டன. இது வரவேற்கத்தக்கது. எனினும் சில நூறு ரூபாயில் முடியும் எளிய கலமோ துறைகளுக்கு இடையே நழுவிவிடுகிறது. சுகாதாரத் துறைக்கு அது மருந்தன்று. துப்புரவுத் திட்டத்திற்கு அது கட்டடமன்று. சமூக நலத் துறைக்கு அது நடமாட்டக் கருவியுமன்று.

சந்தையும் இக்குறையைத் தானாக நிரப்பாது. கூச்சத்தால் கேட்கப்படாத தேவை கிராக்கியாக மாறுவதில்லை; கிராக்கி இல்லாத பொருளைக் கடைக்காரர் வாங்கி வைப்பதில்லை. இவ்வட்டத்தை உடைக்கப் பொதுத்துறை முயற்சி தேவை. இல்லம் செல்லும் செவிலியரின் பையில் ஆண், பெண் இருபாலாருக்குமான கலங்கள் இருத்தல், பெண்களுக்குரிய வடிவங்களை உள்நாட்டிலேயே செய்ய ஊக்குவித்தல், கம்மோடு நாற்காலிகளைத் திருப்பித் தரும் முறையில் உள்ளாட்சிகள் கடனாக வழங்குதல், கணக்கெடுப்புகளில் 'எட்டுகிறதா' என்னும் ஒரு கேள்வியைச் சேர்த்தல் ஆகிய நான்கும் பெருஞ்செலவின்றி நிறைவேற்றத் தக்கவை.

வளர்ச்சியின் பயன் கடைசி மனிதர்வரை சென்றடைய வேண்டும் என்பது திட்டமிடலின் அடிப்படை நோக்கமாகும். அந்தக் கடைசி மனிதர் தொலைதூரச் சிற்றூரில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நகரின் நடுவே, கழிப்பறையுள்ள வீட்டின் கூடத்திலேயே, தாகத்தை அடக்கிக்கொண்டு படுத்திருப்பவராகவும் இருக்கலாம். அவர் அச்சமின்றி ஒரு குவளை நீர் அருந்தும் நிலையை உண்டாக்குவதும் வளர்ச்சிப் பணியே.